பழைய மூங்கில் ராடும் ஹார்டி ரீலும்: வாங்கி மீன் பிடிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நாலைந்து வருடமாக கார்பன் ராடு (தூண்டில் கோல்) வைத்து ஃப்ளை ஃபிஷிங் செய்கிறீர்கள், அதாவது பூச்சி மாதிரி கட்டிய கொக்கியை லைனின் கனத்தால் வீசி மீன் பிடிக்கிறீர்கள். உள்ளூர் ஏலத்துக்கு ஒன்பது அடி நீளத்தில் ஒரு மூங்கில் ராடு வந்திருக்கிறது. மூன்று துண்டு, கூடவே உபரியாக ஒரு நுனி. அந்த இரண்டு நுனிகளில் ஒன்று மூன்று அங்குலம் குட்டை. அதோடு ஹார்டி கம்பெனியின் 3⅛ அங்குல 'பெர்ஃபெக்ட்' ரீலும் (லைன் சுற்றும் சக்கரம்) இருக்கிறது. பார்த்த நாளிலிருந்து மனம் அதையே சுற்றுகிறது. கூட மீன் பிடிப்பவர்களோ அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது, எவ்வளவு தரலாம், ஊருக்கு வரும்போது நீலகிரிக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்த ஆசைக்கு ஆற்றில் இறங்கி நிற்கும்போது ஏதாவது நியாயம் உண்டா, இல்லை வெறும் பழமை மோகமா? நியாயம் உண்டு. ஆனால் எல்லாப் பழைய ராடுக்கும் அது பொருந்தாது, எல்லா ஆற்றுக்கும் பொருந்தாது.

நான் நார்தம்பர்லாந்தில் இருக்கிறேன், ஹார்டி கம்பெனி பிறந்த ஆனிக் ஊருக்குப் பக்கத்தில். இங்கே ஒரு பெரியவரிடம் மூங்கில் ராடு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். பட்டுநூல் கட்டுவது, வார்னிஷ் பூசுவது, தளர்ந்த இணைப்பை மாற்றுவது என்று பல வருடங்களாக அந்த வேலை செய்கிறேன். என் கைக்கு வந்தவை பெரும்பாலும் இங்கிலாந்து ராடுகள். அமெரிக்க ராடுகளை அந்த அளவுக்குப் பிரித்துப் பார்த்ததில்லை, அவற்றைப் பற்றி நான் சொல்வதை அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

மூங்கில் ராடு என்றதும் நம்மூர்க் குளக்கரையில் பிடிக்கும் முழுக்கழி சிலருக்கு நினைவு வரும். இது அப்படி இல்லை. தடித்த மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கணுக்களைச் சூடுகாட்டி நேராக்கி, ஒவ்வொரு சிம்பையும் குறுக்குவெட்டில் சமபக்க முக்கோணமாக இழைப்பார்கள். அப்படி ஆறு சிம்புகளைச் சேர்த்து ஒட்டினால் அறுகோணமாக ஒரு கோல் கிடைக்கும். மூங்கிலின் வலு தோலுக்குச் சற்று அடியில் நெருக்கமாக ஓடும் நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போக நார் குறைந்து மெத்தென்று ஆகிவிடும். அதனால் ஆறு சிம்புக்கும் தோல் பக்கம் வெளியே வரும்படி ஒட்டுகிறார்கள். கணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே பலவீனம், எனவே அவற்றைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அடியிலிருந்து நுனிவரை பருமன் எப்படிக் குறைந்துகொண்டு போகிறதோ அதுதான் ராட்டின் குணம். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மாறினாலே வீசுகிற கைக்குத் தெரிந்துவிடும். ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே எடை, ஆனால் இரண்டு ராடு இரண்டு விதமாக நடந்துகொள்வதற்கு இதுதான் காரணம். அதனால்தான் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், வீசிப் பார்த்து வாங்குங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் ஹிக்கரி, லான்ஸ்வுட் போன்ற மரங்களிலும் கயானாவிலிருந்து வந்த கிரீன்ஹார்ட்டிலும் ராடு செய்தார்கள். மூங்கிலைப் பிளந்து ஒட்டியவர்களில் முன்னோடி என்று பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த சாமுவேல் ஃபிலிப்பைச் சொல்வார்கள், 1840-களில். அதைப் பெரிய தொழிலாக்கியவர் மெய்ன் மாநிலத்து பாங்கர் நகரத்தின் ஹிராம் லெனார்ட். சிம்புகளைச் சீவ இயந்திரம் அமைத்து, 1881-ல் பட்டறையை நியூயார்க் மாநிலத்துக்கு மாற்றினார். பின்னால் தங்கள் பெயரிலேயே புகழ்பெற்ற எட்வர்ட் பெய்ன், யூஸ்டிஸ் எட்வர்ட்ஸ், ஃப்ரெட் தாமஸ் எல்லோரும் அவரிடம் வேலை பார்த்தவர்கள். இந்தப் பக்கம் ஆனிக்கில் வில்லியம் ஹார்டி 1872-ல் துப்பாக்கித் தொழிலாகத்தான் தொடங்கினார். சகோதரர் ஜான் ஜேம்ஸ் வந்து சேர்ந்த பிறகு தூண்டில் சாமான் முக்கியத் தொழிலானது.

நம் ஆட்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் இதில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் மூங்கில் ராடுகளில் பெரும்பாலும் இருந்தது இந்திய மூங்கில். கல்கத்தா துறைமுகம் வழியாகப் போனதால் அதற்கு 'கல்கத்தா கேன்' என்றே பெயர். தோலில் தீயால் சுட்ட பழுப்புத் தழும்புகள் இருக்கும். இந்தத் தழும்பைப் பார்த்து ராட்டின் வயதை ஊகிக்கலாம், ஆனால் அதை மட்டும் ஆதாரமாகக் கொள்ளக்கூடாது. பிற்காலத்திலும் மூங்கிலைத் தீயில் வாட்டியிருக்கிறார்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்து 'டொங்கின்' மூங்கில் வந்து கல்கத்தா மூங்கிலைத் தள்ளிவிட்டது. டொங்கின் இன்னும் நேராக வளரும், நாரும் அடர்த்தி. 1950 இறுதியில் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும் அங்கே மூங்கில் வரத்து நின்றது. ஏற்கெனவே 1940-களின் பிற்பகுதியில் ஃபைபர்கிளாஸ் ராடு விற்பனைக்கு வந்திருந்தது, அது சந்தையைப் பிடித்துக்கொண்டது. 1970-களில் கார்பன் வந்தபிறகு மூங்கில் ஆசைப்பட்டவர்களுக்கான பொருளாகிவிட்டது. இப்போது ஏலத்துக்கு வரும் மூங்கில் ராடுகளில் பெரும்பகுதி இரண்டு உலகப் போர்களுக்கு நடுவிலும், இரண்டாவது போருக்குப் பின் ஒரு தலைமுறை வரையிலும் செய்தவை.

சரி, ஆற்றில் என்ன வித்தியாசம்? உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. மூங்கில் கனம். உங்கள் கார்பன் ராட்டோடு ஒப்பிட்டால் அதே நீளத்துக்குக் கூடுதல் எடை, அதுவும் நுனிப் பக்கம் கூடுதல். அதனால் மெதுவாக வளைந்து மெதுவாக நிமிரும். பின்னால் போன லைன் முழுக்க விரியும்வரை நீங்கள் காத்திருந்தே ஆக வேண்டும், அவசரப்பட்டால் லைன் தொங்கிவிடும். அதே கனம் கிட்டத்து வீச்சில் உதவிக்கு வருகிறது. ராட்டின் நுனி வளையத்துக்கு வெளியே கொஞ்சம்தான் லைன் இருக்கும்போது கார்பன் ராடு வளைய மறுக்கும். மூங்கில் தன் எடையாலேயே வளைந்து வேலை செய்யும். இருபதடி, முப்பதடி தூரத்தில், புதர் மண்டிய சின்ன ஆற்றில், லைன் முனையில் கட்டிய மெல்லிய நரம்பில் உலர் ஃப்ளை (நீர்மேல் மிதக்கும் பூச்சிக் கொக்கி) போடுவதற்கு நல்ல மூங்கில் ராடு ஓர் அருமையான கருவி. இங்கே கோக்கெட் ஆற்றின் மேல்பகுதியில் நான் பெரும்பாலும் மூங்கில்தான் எடுத்துப்போகிறேன். காற்றடிக்கும் ஏரியில் அறுபதடி தாண்டிப் போட வேண்டுமானால் கார்பனை எடுங்கள், அங்கே மூங்கிலோடு மல்லுக்கட்டுவதில் மகிழ்ச்சி இல்லை.

உறுதியில்லாதவையும் உண்டு. மூங்கில் மெல்லிய நரம்பை அறவிடாமல் காப்பாற்றும் என்பார்கள். மெதுவாக வளையும் ராடு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் என்பது சரிதான், ஆனால் மெதுவான ஃபைபர்கிளாஸ் ராடும் அதைச் செய்யும். மூங்கிலுக்கு மட்டுமே உரிய குணம் என்று நான் சொல்லமாட்டேன். மீனின் துடிப்பு மூங்கிலில் கைக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதையும் அனுபவமாகச் சொல்லலாம், நிரூபிக்க முடியாது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பிடித்த பொருளைக் கையில் வைத்திருக்கும்போது கவனம் கூடுகிறது, அதுவும் காரணமாக இருக்கலாம்.

இனி ஏலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது. முதலில் எல்லாத் துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். பெரும்பாலான ராடுகளில் துண்டுகள் ஒரே நீளம். ஒன்று குட்டையாக இருந்தால் எங்கோ ஒடிந்து மீண்டும் ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். (வேண்டுமென்றே துண்டுகளை வெவ்வேறு நீளத்தில் செய்த ராடுகளும் உண்டு, ஆனால் அவற்றில் இரண்டு நுனிகளும் தமக்குள் சமமாக இருக்கும்.) அடுத்து ஒவ்வொரு துண்டையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கொஞ்சம் வளைவு பயன்படுத்திய ராட்டுக்கு இயல்பு, கைதேர்ந்தவர் இளஞ்சூட்டில் நிமிர்த்திவிடலாம். ஒரே இடத்தில் சட்டென்று திரும்பும் கோணம் வேறு கதை, அங்கே நார் நசுங்கியிருக்கும். பிறகு ஒட்டு. சிம்புகள் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். பிளவு தட்டினால் பசை விட்டிருக்கிறது. பழைய ராடுகளில் விலங்குப் பசை, அதற்கு ஈரமும் சூடும் ஆகாது. மிகப் பழைய ராடுகளில் அங்குலத்துக்கு ஓரிடம் பட்டுநூல் கட்டியிருப்பதே அந்தப் பசைமேல் இருந்த அவநம்பிக்கையால்தான். போருக்குப் பிந்தைய செயற்கைப் பசை ராடுகள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். முதல் ராடு வாங்குபவருக்கு அந்தக் காலத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஃபெரூல், அதாவது துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்கள். ஆண் பகுதியைப் பெண் பகுதிக்குள் நேராகத் தள்ளும்போது காற்றடைத்த மாதிரி மெல்லிய எதிர்ப்போடு இறங்க வேண்டும், இழுத்தால் லேசாக 'பொப்' என்று வர வேண்டும். சேர்த்த ராட்டை மெதுவாக ஆட்டிக் காதைக் கொடுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஒன்று உலோகம் தேய்ந்திருக்கிறது, அல்லது குழலுக்குள் மூங்கில் தளர்ந்திருக்கிறது. இரண்டாவது என்றால் திரும்ப ஒட்டலாம், செலவு குறைவு. முதலாவது என்றால் குழலையே மாற்ற வேண்டும், அது ராட்டின் விலையைத் தாண்டிவிடலாம். பெண் குழலின் வாய்ப்பக்கம் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். குழல் முடிந்து மூங்கில் தொடங்கும் இடத்தையும் பாருங்கள், மூங்கில் ராடு ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். வார்னிஷ் மங்கியிருப்பது, நூல் அவிழ்ந்திருப்பது, கார்க் கைப்பிடி கறுத்திருப்பது இவையெல்லாம் மேல்வேலை, பயப்பட வேண்டாம். பளபளவென்று புதிதாக வார்னிஷ் அடித்த ராடுதான் என்னைக் கூடுதலாகப் பார்க்க வைக்கும், அடியில் என்ன மறைந்திருக்கிறது என்று தெரியாது.

லைன் எடை பலரைக் குழப்பும். பழைய ராட்டில் 5, 6 என்று எண் இருக்காது, பட்டியலில் ஹெச்-டி-ஹெச் மாதிரி எழுத்துகள் இருக்கும். அவை பட்டு லைனின் தடிமனைக் குறிப்பவை: ஹெச் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு, டி என்றால் 45 பங்கு. இரு முனையும் மெல்லிசு, நடு தடிப்பு. இப்போதைய எண்கள் 1960-களின் தொடக்கத்தில் வந்தவை, முதல் முப்பதடியின் எடையை வைத்துக் கணக்கிட்டவை. 5 என்றால் 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். தடிமனையும் எடையையும் நேருக்கு நேர் மாற்ற முடியாது, ஹெச்-டி-ஹெச்சை 5 என்பவர்களும் உண்டு, 6 என்பவர்களும் உண்டு. இரண்டு லைனைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. சந்தேகமானால் இலகுவானதில் தொடங்குங்கள், கனத்த லைன் மூங்கிலில் நிரந்தர வளைவை உண்டாக்கிவிடும். பட்டு லைன் இன்றும் ஐரோப்பாவில் செய்கிறார்கள். அதே எடைக்குப் பிளாஸ்டிக் லைனைவிட மெல்லிசு, காற்றை அழகாகக் கிழித்துப் போகும். ஆனால் மிதக்க கிரீஸ் தடவ வேண்டும், வீட்டுக்கு வந்ததும் ரீலிலிருந்து கழற்றிக் காயவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ரீலுக்கு வருவோம். பெர்ஃபெக்ட்டின் காப்புரிமை 1888-ல் எடுக்கப்பட்டது, 1891-ல் விற்பனைக்கு வந்தது. உள்ளே ஸ்பூல் (லைன் சுற்றும் உருளை) பால்-பேரிங்கில் சுழலும், கைப்பிடி சுழலும் தட்டிலேயே பொருத்தியிருக்கும், விளிம்புத் திருகு கொண்டு செக்கை (ஸ்பூல் தாறுமாறாக ஓடாமல் தடுக்கும் அமைப்பை) கூட்டிக் குறைக்கலாம். ஃப்ளை ரீலில் மெக்கானிசம் என்று பெரிதாக ஒன்றும் தேவையில்லை. இருப்பதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள், அதனால்தான் நூறு வயதான பெர்ஃபெக்ட் இன்றும் ஆற்றில் ஓடுகிறது. பல காலகட்டங்களில் சின்னச் சின்ன மாற்றங்களோடு செய்தார்கள், மறுபடியும் வெளியிட்டிருக்கிறார்கள். எனவே 'ஹார்டி பெர்ஃபெக்ட்' என்ற பெயர் மட்டும் வயதைச் சொல்லாது. பித்தளையில் செய்த வழுவழுப்பான அடிக்கால் பொதுவாக முந்தையது, வரிவரியான அலுமினியக் கால் பிந்தையது. ஆனால் கால் மாற்றப்பட்டிருக்கலாம், ஸ்பூலும் வேறொன்றிலிருந்து வந்திருக்கலாம், ஒரே அடையாளத்தை நம்பி வருடம் சொல்பவரை நம்பாதீர்கள்.

ரீலைக் கையில் எடுத்ததும் காலின் இரண்டு முனைகளையும் பாருங்கள். பழைய சொந்தக்காரர் தன் ராட்டின் இருக்கையில் பொருந்துவதற்காக அரத்தால் ராவியிருப்பார், அது மிகச் சாதாரணம். மீன் பிடிக்கத் தடையில்லை, சேகரிப்பவர் விலையைக் குறைப்பார். ஸ்பூலைச் சுற்றினால் எங்கும் உரசாமல் ஓட வேண்டும். கீழே விழுந்து விளிம்பு நசுங்கிய ரீல் ஒரு சுற்றில் ஓரிடத்தில் தட்டும். லைன் வெளியேறும் இடத்தில் அகேட் கல் வளையம் இருந்தால் அதில் வெடிப்பு பாருங்கள், வெடித்த கல் லைனை அறுக்கும். எந்தக் கையால் சுற்றுவதற்கு அமைத்தது என்று முன்பே கேளுங்கள், பழைய ரீல்களில் பெரும்பாலும் வலது கைதான். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கருஞ்சாம்பல் நிறம் அழுக்கு இல்லை, கம்பெனி கொடுத்த பூச்சு. பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ரீல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பழைய கிரீஸை எடுத்துப் புது எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

விலையைப் படம் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள். ஆனால் விலை எந்தப் பக்கம் சாயும் என்பது தெளிவு. ஏழு, ஏழரை அடி ராடுகளுக்குப் போட்டி அதிகம், ஒன்பது அடி ராடுகளைத் தேடுவோர் குறைவு. அதனால் நன்றாக வீசக்கூடிய ஒன்பதடி ராடு மலிவாகக் கிடைக்கும். கனம்தான் கை அசரவைக்கும். முழு நீளத்தில் இரண்டு நுனி, மூலப் பை, அதற்கான குழாய் எல்லாம் சேகரிப்பவர்களுக்காக விலையைக் கூட்டுபவை. மீன் பிடிப்பவருக்கு ஒரு நேரான நுனி போதும். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள்.

வைத்துக்கொள்வது கஷ்டமில்லை. கழற்றும்போது முறுக்கவே கூடாது, நேராக இழுங்கள். இறுகிப்போனால் ராட்டை முழங்காலுக்குப் பின்னால் வைத்து, இணைப்பின் இரு பக்கமும் முழங்காலுக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்து, முழங்கால்களை மெல்ல விரியுங்கள், வந்துவிடும். கொக்கி மரத்தில் மாட்டினால் ராட்டை வளைத்து இழுக்காதீர்கள். ராட்டை நேராக நீட்டி லைனைக் கையால் பிடித்து இழுங்கள். மீன் பிடித்து இழுக்கும்போது அவ்வப்போது ராட்டைத் திருப்பிப் பிடித்தால் ஒரே பக்கம் வளைவு விழாது. ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு மூடாதீர்கள், கோடையில் கார் டிக்கியில் விடாதீர்கள், சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பையில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

நீலகிரிக்குத் தாராளமாக எடுத்துப் போகலாம். 1900-களின் தொடக்கத்தில் அங்கே ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனை நிலைநிறுத்தியபோது, அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தபோது, இங்கிலாந்திலிருந்து வந்த தூண்டில்காரர்கள் கையில் இருந்தது இந்த மாதிரி ராடுகள்தான். அந்தச் சின்ன ஓடைகளும் மூங்கிலுக்குத் தோதானவை. ஆனால் மழைமாதத்து ஈரம் விலங்குப் பசை ராட்டுக்கு ஆகாது, அதனால் வறண்ட மாதத்தில் போங்கள். மீன்வளத் துறை, வனத் துறை இரண்டிலும் அனுமதி கேட்டுவிட்டே தண்ணீரில் இறங்குங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

உங்கள் ஏலத்துக்கு என் பதில் இதுதான். மூன்று அங்குலம் குட்டையான நுனி விறைப்பாக இருக்கும், அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்; ஒற்றை நுனி ராடு என்று நினைத்து விலை போடுங்கள். முழு நுனி நேராகவும் இரண்டு இணைப்புகளும் இறுக்கமாகவும் இருந்தால் வாங்கலாம். இணைப்பு ஒன்று தேய்ந்திருந்தால் ராட்டை விட்டுவிட்டு, ரீல் தனி லாட்டாக வருமா என்று ஏலக்காரரிடம் கேளுங்கள். 3⅛ அங்குல பெர்ஃபெக்ட் உங்கள் கார்பன் ராட்டிலும் நன்றாகவே உட்காரும், அதற்காக மட்டும் கை தூக்கினாலும் வருத்தப்படமாட்டீர்கள். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் போய் இணைப்புகளைப் பூட்டிக் கழற்றிப் பாருங்கள், பெண் குழல்களின் வாயை நெருக்கமாகப் படமெடுத்துப் போடுங்கள். வெடிப்பு இருக்கிறதா இல்லையா என்று அதில் பார்த்துச் சொல்கிறேன்.